குவைத் வரை போன நீல நூல்

1977ஆம் ஆண்டு மார்ச் மாதம், கமருன்னிசாவின் ஊசியில் கோத்திருந்த நீல நூல் காரைக்காலிலிருந்து குவைத்துக்குப் போனது. ஒரு நுனி ஊசியோடு அவள் வீட்டில் இருந்தது. மறுநுனி, பாதி தைத்த கைக்குட்டையோடு அவள் கணவன் அப்துல் லத்தீப்பின் சட்டைப்பையில் இருந்தது. ஐந்து வருடம் மூன்று மாதம் அது அறவில்லை. நூல் கட்டு, அதாவது லச்சி, ஒன்றுக்கு எட்டு மீட்டர் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் தன் சரக்கின் நீளத்தைப் பற்றிச் சாகும்வரை பெருமை பேசினார்.

இது நடந்ததற்குக் காரணம் மாமியார் ஆஸியா பீவி வீட்டு வழக்கம். ஒருவர் தூரப் பயணம் கிளம்பினால், போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை அந்த வீட்டில் யாரும் கத்தரி எடுக்கக் கூடாது, நூலைப் பல்லால் கடிக்கவும் கூடாது. மருமகள் கமருன்னிசாவுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மாதாகோயில் தெருவில் ஞானசௌந்தரி டீச்சர் தன் வீட்டுக் கூடத்தில் நடத்திய எம்ப்ராய்டரி வகுப்பில் அவள் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். புதிதாக வரும் எல்லோருக்கும் டீச்சர் கொடுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: ஒரு கைக்குட்டை, அதன் மூலையில் சங்கிலித் தையலில் ஒரு பெயர். ஊசி பிடிக்கத் தெரியாதவளுக்கும் இரண்டு நாள் வேலை என்பார். கமருன்னிசா பதினோரு நாள் எடுத்துக்கொண்டாள். ஒரு கண்ணி பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் விழுந்தால் அவளுக்குப் பொறுக்காது, பிரித்துவிடுவாள். பேரளம் ரயிலுக்கு நேரமானபோது ‘லத்’ வரைக்கும்தான் வந்திருந்தது. லத்தீப் சிரித்துக்கொண்டே வளையத்திலிருந்து துணியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். “மிச்சத்த நான் வந்தப்புறம் தச்சுக்கலாம்” என்றார். வீட்டுக் கத்தரியை ஆஸியா பீவி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். ஆகவே நூலும் கூடப் போனது.

அது திருநள்ளாறு தாண்டி, தண்டவாளத்தை ஒட்டிப் பேரளம் போய், அங்கிருந்து பம்பாய் போய், கடலில் இறங்கியது. முதல் மாதம் ஊரே வந்து பார்த்தது. மாடு இடறாமல் இருக்க ஸ்டேஷன்காரர்கள் அதில் சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒரு குமாஸ்தா வந்து பார்த்து, இதற்கு விதி இல்லை என்று சொல்லிவிட்டு மோர் குடித்துப் போனார். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். ஆறு மாதத்தில் தெருக்காரர்கள் பேச்சை நிறுத்தாமலே குனிந்து நூலைக் கடந்தார்கள்.

லத்தீப் போய்ச் சேர்ந்த கடிதம் வர முப்பத்தேழு நாள் ஆயிற்று. அதன்பின் தாராளமாக வெட்டியிருக்கலாம். ஆனால் அதற்குள் நூல் இழுக்கத் தொடங்கியிருந்தது. தினமும் மதியம் மூன்றரை மணிக்கு இரண்டு இழுப்பு. அங்கே அது ஒரு மணி, சாப்பாட்டு நேரம். கட்டட வேலையிலிருந்து இறங்கி, கை கழுவி, சாப்பிட உட்காருமுன் அவர் இழுத்தார். கமருன்னிசா ஊசியை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருந்தாள். மூன்றரை மணிக்கு நூலில் விரலை வைத்துக்கொண்டு நிற்பாள். கல்யாண வீடானாலும் மையத்து வீடானாலும் அந்த நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். திரும்ப இழுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசைதான். மாமியார்தான் கண்டித்து வைத்திருந்தார். “இந்தா புள்ள, நீ மட்டும் இங்கேருந்து இழுத்துறாதே. அவன் எந்த ஒசரத்துல நிக்கிறானோ, என்னமோ.”

முதல் விடுமுறையை லத்தீப் தங்கையின் கல்யாணச் செலவுக்காகத் தள்ளிப்போட்டார். இரண்டாவதைக் கம்பெனி மாறியதால் தள்ளிப்போட்டார். 1982இல் ரமலானுக்கு நிச்சயம் வருகிறேன் என்று எழுதினார். கமருன்னிசா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், புதுப் பாய் வாங்கினாள். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்த கடிதத்தில், இந்த வருடமும் இல்லை, அடுத்த வருடம் என்று இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஆண்களைப் பார்த்து மட்டும் சொல்லி வைக்கவில்லை. அவள் ஜன்னலுக்குப் போய் நூலை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே ஒருமுறை, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். வீட்டில் அப்போது யாரும் இல்லை. அன்று மதியம் மூன்றரைக்கு நூல் அசையவில்லை. சாயங்காலம் அது தொய்ந்து தெருவில் விழுந்தது.

பதினெட்டு நாள் கழித்து, லத்தீப்போடு ஒரே அறையில் இருந்த மன்சூர் அலியின் கடிதம் வந்தது. நான்காவது மாடிச் சாரத்தில் நின்றவர், யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பினாராம், கால் தவறியதாம். அன்றைக்கே அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை ஏழரை மணி என்று எழுதியிருந்தார். அங்கே ஏழரை என்றால் இங்கே பத்து. கமருன்னிசா அதை யாரிடமும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. இதை எழுதும்போது எனக்கே கை ஓடவில்லை, அவள் எப்படிச் சுமந்தாளோ.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து எழுந்ததும் அவள் நூலைச் சுருட்டத் தொடங்கினாள். அதற்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. முதலில் வந்த நூலில் ரயில் கரி இருந்தது. பிறகு பம்பாயின் எண்ணெய்ப் பிசுக்கு வந்தது. பிறகு ஏழு மாதம் ஈர நூல் வந்தது. வீடு முழுக்கக் கொடி கட்டி உலர்த்தினார்கள், உப்பு தரையில் கொட்டியது. கடைசியில் மணல் வந்தது. மணலுக்குப் பிறகு கைக்குட்டை வரும் என்று அவள் நம்பியிருந்தாள். வெறும் நுனிதான் வந்தது. சங்கிலிக் கண்ணிகள் இருந்த இடத்தில் நூல் நெளிநெளியாக மடங்கியிருந்தது. அவள் அந்த நெளிவுகளை விரலால் தடவி, ‘லத்’ வரை எண்ணிப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள். ஐந்து வருடத்தில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

அவ்வளவு நூலையும் வீட்டில் வைத்திருக்க முடியாது என்றாள். இரண்டு கூண்டு வண்டியில் ஏற்றி ஞானசௌந்தரி டீச்சரின் வகுப்புக்கு அனுப்பினாள். ஒரு முழம்கூட வைத்துக்கொள்ளவில்லை. புதிதாகக் கற்கிறவர்களுக்கு நூல் விரயமாகும் என்ற கவலை டீச்சருக்கு அன்றோடு தீர்ந்தது. கோவில்பத்திலிருந்தும் பட்டினச்சேரியிலிருந்தும் பெண்கள் வந்து கற்றார்கள். கைக்குட்டை, தலையணை உறை, ரேடியோ மூடி, மேசைவிரிப்பு என்று ஊர் முழுக்க நீலப் பூ பூத்தது. பிறகுதான் தெரிந்தது: தினமும் மூன்றரை மணிக்கு அந்தப் பூக்கள் இரண்டு முறை இழுத்துக்கொண்டன. தலையணையில் தூங்குகிறவர்களுக்குக் கன்னத்தில் தெரியும். யாரும் பயப்படவில்லை. மதியத் தூக்கத்திலிருந்து எழ நல்ல ஏற்பாடு என்று டீக்கு அடுப்பு மூட்டினார்கள். கமருன்னிசாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று ஊர் ஒரு வருடம் வாயைக் கட்டியது. இந்த ஊர் அப்படி இருந்தது அந்த ஒருமுறைதான்.

சொன்னது பக்கத்து வீட்டுக் காசியம்மா. அவள் மகள் அஞ்சுகம் வகுப்பில் கைக்குட்டைக்கு அடுத்துத் தைத்தது லேஸி டெய்ஸித் தையலில் பூ போட்ட ஒரு தலையணை உறை. 1985இல் ஒருநாள் மதியம் காசியம்மா கமருன்னிசாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அதில் தலை வைத்துப் படுக்கச் சொன்னாள். மூன்றரை அடித்தது. கமருன்னிசா நெடுநேரம் எழவே இல்லை.

“அன்னக்கி காலைல நான்தான்க்கா இழுத்தேன்” என்றாள்.

“என்னைக்கி?”

“மச்சான் விழுந்த அன்னக்கி. பத்து மணிக்கி. கோவத்துல.”

காசியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உறையோடு தலையணையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். “நீயே எடுத்துட்டுப் போ கமரு. ஒனக்குன்னு உள்ளது. அஞ்சுகம் வேற ஒண்ணு தச்சுக்கும்.”

கமருன்னிசா தலையணையைத் தொடாமல் கையை மடக்கிக்கொண்டாள். “வேணாங்க்கா. என் வீட்ல இருந்தா நான் திரும்பவும் இழுத்துருவேன்.”

அதன்பின் அவள் தினமும் மூன்றே காலுக்கு வந்து படுத்தாள், மூன்றரை ஆனதும் எழுந்து போனாள். காசியம்மா மதியத்தில் கதவைத் தாழ் போடுவதை விட்டுவிட்டாள்.