நாற்பத்தொரு முழங்கை

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் அறுந்த கம்பிக்கும் எரிந்த மோட்டாருக்கும் யாரும் பயந்ததில்லை. வெள்ளிக்கிழமை நேரத்தாளுக்குத்தான் பயந்தார்கள். கால்மணிக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு கட்டங்கள். அவற்றில் போட அறுபத்து நான்கு குறியீடுகள். குறியீடுகளை விளக்க ஒரு கையேடு. அந்தக் கையேட்டைப் புரட்டும் நேரத்துக்கு மட்டும் குறியீடு கிடையாது. ஒரு கட்டம் பிசகினாலும் தாள் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்துவிடும்.

திரும்பியே வராத தாள் ஒன்றுதான்: மெக்கானிக்குடையது. ‘கடிகாரம்’ என்பது அவருக்கு மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர். வெள்ளிதோறும் ஒரு மணி நேரம், நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டம் கட்டமாக உண்மையை எழுதுவார். செவ்வாய் மூன்று முதல் ஐந்து வரை ‘47, சொந்த வேலை’ என்று போட்டு, பக்கத்தில் ‘மகளின் முழங்கைக்குப் பயிற்சி’ என்று விளக்கமும் எழுதுவார். சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைக்குக் கை நீள மாட்டேன் என்கிறது. இன்னும் நான்கு மாதம் விடாமல் வந்தால்தான் தேறும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அவர் வருவது செவ்வாயில் மட்டும். மனைவிக்கோ மாலை ஷிஃப்ட். அந்த இரண்டு மணி நேரத்தைச் சனிக்கிழமை காலையில் வந்து ஈடுகட்டிவிடுவார் மெக்கானிக்.

மேலாளருக்கு அது உறுத்தியது. "ஒருத்தருக்கு மட்டும் தனிச் சலுகை எப்படிப்பா? புது மென்பொருள் வரட்டும். அது என்ன சொல்லுதோ அதுதான் முடிவு" என்றார்.

மென்பொருள் சும்மா வரவில்லை. ‘எளிமைக் குழு’ என்று ஒன்று பதினோரு மாதம் கூடி, எல்லாம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதை எண்பத்து நான்கு பக்கத்தில் விளக்கியிருந்தது.

தொடக்க விழாவன்று ஊழியர் அனைவரும் பெரிய திரை முன்னால் உட்கார்ந்தார்கள்.  மெக்கானிக்கின் செவ்வாய்க்கிழமைக்கு என்ன தலையெழுத்து என்று இன்றைக்குத்தான் தெரியும்.

"இனிமேல் நேரத்தாள் இல்லை! ‘போன வாரம் போலவேவா?’ என்று கைபேசி கேட்கும். ‘ஆம்’ என்று ஓர் அழுத்து. அவ்வளவுதான்!" மேலாளரின் குரல் தழுதழுத்தது. "ஆறு மாதத் தாள்களையும் இதற்குள் ஊட்டியிருக்கிறோம். நம் நிறுவனத்தின் உண்மை முகத்தைப் பாருங்கள்!"

பொத்தானை அழுத்தினார். செவ்வாய்க்கிழமையில் நீலமாக ஒரு மலை எழுந்தது. மலையின் கீழே எழுத்துகள் வந்தன:

மகளின் முழங்கைக்குப் பயிற்சி: 41 பேர்.

நிறுவனத்தில் மொத்தமே நாற்பத்தொரு பேர்தான்.

 தான்தான் எதையோ தப்பாக எழுதித் தொலைத்துவிட்டோம் என்று மெக்கானிக் நினைத்தார். அப்புறம் மற்ற முகங்களைப் பார்த்தார். இரண்டு பையன்களைப் பெற்ற டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் கல்யாணமான வரவேற்பாளர் கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

"அக்கா, என்னக்கா இது?" என்று பக்கத்திலிருந்த ஸ்டோர் அக்காவிடம் கிசுகிசுத்தார் மெக்கானிக்.

"உன் தாள் மட்டும் திரும்பி வர்றதில்லையேன்னு ஒரு நகலை ஸ்டோர் கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டி வெச்சேன். மாதிரிக்குத்தான். இதுங்க பிள்ளையோட கை உட்பட அப்படியே பார்த்து எழுதி வைக்கும்னு நான் கண்டேனா?"

"நீங்க என்னக்கா எழுதினீங்க?"

"நானும் அதேதான்."

"வாராவாரம் ஒரு மணி நேரம் மண்டைய உடைச்சுக்கிட்டேனேக்கா!"

"எங்களுக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு."

மேலாளர் மேசையைத் தட்டினார். "யார் அந்த நாற்பத்தொரு பேர்? பெயர்களைக் காட்டு!"

மென்பொருளுக்கு மரியாதை தெரியும். பதவி வரிசைப்படி காட்டியது. முதல் பெயர் மேலாளருடையது. அவர் ஐம்பத்திரண்டு வயதுப் பிரம்மச்சாரி. அவருடைய தாளை எழுதுவது செயலாளர். படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவர்.



"சார்..." என்றார் டிரைவர் மெதுவாக. "சொல்லவே இல்லையே சார். பாப்பா எந்த கிளாஸ் படிக்குது?"

மேலாளர் திரையைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் தாள்கள் தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்து மாதங்கள் ஆகின்றன. ஒன்று, பொய்யில் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மகள் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

"நம் ஊழியர்களின் உண்மைத் தேவையை மென்பொருள் கண்டறிந்துவிட்டது," என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. "செவ்வாய்தோறும் மூன்று முதல் ஐந்து வரை அனைவருக்கும் அனுமதி."

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. மெக்கானிக்குத்தான் கை எழவில்லை.

அடுத்த செவ்வாய் மூன்றேகாலுக்கு அவர் பயிற்சி அறையில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அலறியது. மேலாளர்தான்.

"எங்கய்யா போனீங்க எல்லாரும்? நம்ம ஆபீஸ் லிஃப்ட்டே நின்னுபோச்சு! ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறேன்! கட்டடத்துல ஒரு ஆள் இல்ல!"

மெக்கானிக் அதிர்ந்துபோனார். "சார், நீங்க லிஃப்ட்டுக்குள்ள இருக்க முடியாதே! ‘ஆம்’ அழுத்தினீங்களா?"

"செயலாளர் அழுத்திட்டான்!"

"அப்போ நீங்க இப்ப முழங்கைப் பயிற்சியில இருக்கீங்க சார். பயப்படாதீங்க, வலது பக்கம் மின்விசிறிப் பொத்தான் இருக்கு. அஞ்சு மணிக்கு ஓடி வந்துடறேன்."

"யாருப்பா?" என்றாள் மகள், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உன்னை மாதிரியே கை வலிக்கிற ஒரு பாப்பாவோட அப்பா, கண்ணு."

பயிற்சியாளர் "எட்டு, ஒன்பது..." என்று எண்ணினார். பத்துக்கு முழங்கை போன வாரத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாக நீண்டது.