செவ்வாய்க்கிழமைப் பிரசவங்கள்

மஞ்சப்பள்ளத்தில் குழந்தைகள் செவ்வாய்க்கிழமை மட்டுமே பிறக்கின்றன. மன்னவனூருக்கும் மேலே, பூண்டும் கேரட்டும் விளைகிற ஊர். அங்கிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் நாற்காலி என்றைக்குமே காலிதான். நர்சுகள் மட்டும் ஒரு காலத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி ஓய்வுபெற்றாள், ஒருத்தி மாற்றலாகிப் போனாள், அந்த இடங்களை நிரப்ப யாருக்கும் மனம் வரவில்லை. மிச்சமிருந்த முருகேஸ்வரியை அலுவலகம் பல ஊர்களுக்குப் பங்கு போட்டதில் மஞ்சப்பள்ளத்துக்குக் கிடைத்தது செவ்வாய். ஊர்ப் பெண்கள் சண்டைக்குப் போகவில்லை. வரவேண்டியவர் வராமல் பந்தியில் இலைகூடப் போடாத ஊர் அது. வயிற்றுப் பிள்ளைகளிடமும் அதையே சொல்லிவைத்தார்கள். பிள்ளைகளும் கேட்டுக்கொண்டன. புதன்கிழமை வலி எடுத்தாலும் அடுத்த செவ்வாய்வரை அடங்கிக் கிடந்தன. முருகனுக்கு உகந்த நாளில் பிறந்ததால் பையன்களுக்கெல்லாம் அவர் பெயரே. "ஏலே செந்திலு" என்று கூப்பிட்டால் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கும்.

முருகேஸ்வரிக்குத்தான் நிம்மதி போனது. வேறு ஊரில் யாருக்கோ ஊசி போடும்போதும், தனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் நினைவுக்கு வருவார்கள். அதன்பின் உட்கார முடியாது, நிற்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் டிரைவரை "வெரசாப் போங்கண்ணே" என்று நச்சரித்துக்கொண்டே வருவாள். இன்னொரு நர்சு கேட்டு அலுவலகத்துக்கும் போனாள். அதிகாரி நல்லசாமி கம்ப்யூட்டரைப் பார்த்து மகிழ்ந்துபோனார். "எல்லாப் பிரசவமும் நீங்க இருக்கிற அன்னைக்குத்தாம்மா நடக்குது. இவ்வளவு அழகா நடக்கிற எடத்துக்கு இன்னொரு ஆள் எதுக்கு?"

இந்த ஓட்டத்துக்கு நடுவே அவளும் கர்ப்பமானாள். பேறுகால விடுப்பு கேட்டாள். மாற்று ஆள் வந்ததும் போகலாம் என்றார்கள். மாற்று ஆள் வரவில்லை. கணவன் ஜெயமுருகன் பழனியிலிருந்து தினமும் போனில் கத்தினான். பத்து மாதம் முடிந்தது, பதினொன்றும் முடிந்தது. அவள் பிள்ளைக்குப் பிறக்க நாள் கிடைக்கவில்லை. செவ்வாய் மற்ற வயிறுகளுக்கு, மீதி நாட்கள் மற்ற ஊர்களுக்கு. உள்ளே அசைவு குறைந்துகொண்டே வந்தது. இது வராமலே போய்விடுமோ என்று ராத்திரியெல்லாம் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அப்படியொரு செவ்வாய் காலையில் பிரசவ அறைக்கு வெளியே ஏழு பேர் வலியோடு காத்திருந்தார்கள். கையுறை மாட்டிக்கொண்டு வந்த முருகேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வரிசையில் முதலாவதாக இருந்த கருப்பம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சிஸ்டர், மொதல்ல நீங்க ஏறிப் படுங்க. நாங்க அடுத்த வாரம் பெத்துக்கிறோம். எங்களுக்குப் பழக்கந்தானே."

மறுக்க முருகேஸ்வரிக்குத் தெம்பில்லை. படுத்தபடியே அவள் சொல்லச் சொல்ல, கருப்பம்மாள் தன் வலியை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தாள். பெண் குழந்தை. வந்ததுமே கட்டிடம் அதிர அழுதது. முருகேஸ்வரியும் சேர்ந்து அழுதாள்.

மஞ்சப்பள்ளத்தில் அந்த வாரம் ஒரே ஒரு பிரசவம் என்று அலுவலகத்தில் பதிவானது. பிரசவம் முடிந்துவிட்டதால் பேறுகால விடுப்புக்கு இனி அவசியமில்லை என்றும், வேலை குறைந்துபோன இடத்துக்கு வாராவாரம் ஆள் தேவையில்லை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும் என்றும் உத்தரவு வந்தது. முருகேஸ்வரி கருப்பம்மாளுக்குப் போன் போட்டு அதைச் சொன்னாள்.

"அதுக்கு நீங்க என்ன செய்வீங்க சிஸ்டர்" என்றாள் கருப்பம்மாள். போனை வைத்துவிட்டு வயிற்றில் கை வைத்து, "கேட்டியா, இன்னும் ஒரு வாரம் பொறு" என்றாள். அது பொறுத்தது.