வருஷா வருஷம் வரும் தண்ணீர்

எச்சரிக்கை கொடுத்தோம் என்கிறது அணை அலுவலகம். எச்சரிக்கையே வரவில்லை என்கிறது எங்கள் தெரு. இரண்டு தரப்பும் வாய் கூசாமல் புளுகுகின்றன. அணை உடைந்ததை விசாரிக்கும் கூடத்தில் இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் இவர்கள். நடுவில் கிடந்த நாற்காலியில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார் நீதிபதி.

அதற்குமுன் வராந்தாவில் மாஸ்டர் என்னை மறித்தார். மாஸ்டர் என் கணவரின் அண்ணன். தையற்கூடம் அவருடையது, தெருச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். வீட்டில்கூட எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

"ஜீப் வந்துச்சுன்னு வாயத் திறந்துடாத. சொன்னா அணைக்காரன் தப்பிச்சுருவான். போனது உன் புருஷன் மட்டுமில்ல, என் தம்பியும்தான்."

தம்பியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கு அணை அலுவலகத்து ஜீப் வந்தது. மழை விட்ட மத்தியானம். ஒலிபெருக்கியில் வருஷா வருஷம் ஓடும் அதே பதிவு: "தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. தாழ்வான பகுதி மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்." அணையில் விரிசல் கண்ட அன்றைக்கும் புதிதாக இரண்டு வார்த்தை பேச அந்த அலுவலகத்தில் ஒருவனுக்கும் நாக்கு எழவில்லை.

அந்தப் பதிவுக்கு எங்கள் தெருவில் ஒரே அர்த்தம்தான். முழங்கால் தண்ணீர் வரும், சாமானை மேலே ஏற்று. ஒவ்வொரு மாடி ஜன்னலுக்கு மேலும் கயிறு போட்டுச் சாமான் இழுக்க ஒரு கப்பி உண்டு. ஜீப் முக்குத் திரும்புவதற்குள் எல்லாக் கப்பிகளும் கிறீச்சிட ஆரம்பித்தன. எதிர்வீட்டுக்காரர் மாமியாரை நாற்காலியோடு கட்டி இழுத்து, பாதியில் நிறுத்தி, "அத்தே, அங்கயே இருக்கீங்களா? வீடு அமைதியா இருக்கும்" என்றார். தெருவே சிரித்தது. நானும்தான்.

ஜீப் டிரைவர் எங்கள் வாசலில் நிறுத்திக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். டம்ளரைத் திருப்பித் தரும்போது குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, சாமானை விடுங்க. கரையில மண்ணு கரைஞ்சு ஊத்துது, என் கண்ணால பாத்தேன். அணை நிக்காது. மேட்டுக்கு ஓடுங்க."

"அடப்பாவி, இதை மைக்குல சொல்லேன்!"

"டேப்பை மட்டும் போடுன்னு உத்தரவுக்கா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

உள்ளே ஓடினேன். கீழே தையற்கூடத்தில் என் கணவர் தையல் மிஷின்களைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து மாஸ்டர் இழுத்தார். தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். மாஸ்டர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"எவனோ ஒரு டிரைவர் உளர்றான்னு நீயும் ஆடாத. வருஷா வருஷம் வர்ற தண்ணிதானே? பிள்ளையத் தூக்கிட்டு மேல வா."

நான் மேலே போகவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பார்த்தவர்களிடம் எல்லாம் கத்திக்கொண்டே மேட்டுக்கு ஓடினேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மேட்டுப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று திரும்பினால், வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. மரமும் சேறும் கூரையும் ஒன்றாகச் சுருண்டு வந்தது. கீழே நின்ற ஒருவரும் மிஞ்சவில்லை. எங்கள் கட்டடத்தின் மாடியில் பாதி நின்றது, அந்தப் பாதியில் மாஸ்டர் நின்றார்.

அத்தனையையும் கூடத்தில் ஒன்றுவிடாமல் சொன்னேன். டேப் என்றபோது அணை அதிகாரி தலை குனிந்தார். டிரைவர் சொன்னதைச் சொன்னபோது எங்கள் தெரு என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தது. பார்க்கட்டும்.

"உங்க கணவர் நீங்க சொன்னதை நம்பலையாம்மா?" என்றார் நீதிபதி.

"நம்பினாருங்க. கயித்தைப் போட்டுட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாரு."

"அப்புறம்?"

"நின்னாரு. அவங்க அண்ணனை அண்ணாந்து பாத்து, 'போகட்டுமாண்ணே'ன்னு கேட்டாரு."

"அண்ணன் என்ன சொன்னார்?"

நான் மாஸ்டர் பக்கம் திரும்பினேன். "என்னைக் கேக்காதீங்க. அவரே சொல்லட்டும்."

மாஸ்டர் எழுந்தார். சங்கத்துக் கூட்டங்களில் முழங்கும் மனிதர் மெல்லச் சொன்னார்.

"இன்னும் ஒரு மிஷின்தான்டா, கட்டிட்டுப் போன்னு சொன்னேன்."

கட்டித்தான் கொடுத்திருக்கிறார் என் கணவர். அந்த மிஷினில்தான் மாஸ்டர் இப்போது தைக்கிறார்.