பத்து நிமிட வேலை

கதவைத் தட்டியது ஆறாவது மாடிக்காரரின் மகன். அவன் முகத்தைப் பார்த்ததுமே தையற்காரிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அப்பா போயிட்டாருக்கா. கீழ கொண்டு போகணும், படித் திருப்பத்துல ஸ்ட்ரெச்சர் திரும்பவே மாட்டேங்குது. அண்ணன் லிஃப்டைக் கொஞ்சம் பாத்தாருன்னா..."

அண்ணன், அதாவது அவள் புருஷன், உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஆட்குறைப்பு என்று சொல்லி லிஃப்ட் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து அதுதான் அவன் இடம். அவள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். கல்லில் நார் உரிப்பதுகூட இதைவிடச் சுலபம். கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனபோது, நல்லதாயிற்று, இதற்காவது எழுவான் என்று நம்பினாள். வீங்கிய முழங்காலோடு துணி மூட்டையைச் சுமந்து ஐந்து மாடி ஏறி வந்து, அவன் எதிரில் மூச்சுவாங்கியபடி நின்றாள். கொஞ்சம் கூட்டியே மூச்சுவாங்கினாள் என்றும் சொல்லலாம். அவன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

"அவரு எழுந்திருக்க மாட்டாருப்பா" என்று சொல்ல வாயெடுத்தாள். முதுகுக்குப் பின்னால் கட்டில் முனகியது.

முகம் கழுவினான். சட்டைகூட மாற்றினான். கதவுக்குள் ஒரு சின்னத் தகடு விலகியிருந்ததாம், அவ்வளவுதான். பத்தே நிமிடம். ஸ்ட்ரெச்சரை யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்றும் அவனே சொன்னான். அந்தப் பழைய குரலைக் கேட்டதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சாவு வீட்டில் நின்றுகொண்டு சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான்.

"பத்து நிமிஷ வேலைங்க" என்றாள். "எனக்காக எழுந்திருக்கத் தோணலையா?"

சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னான்.

"செத்தவருக்குச் செஞ்சா அதோட முடிஞ்சுது. உனக்காக இன்னிக்கு எழுந்தா, நாளைக்கும் எழுந்திருப்பேன்னு நெனைப்ப."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. லிஃப்டிலிருந்து வீட்டு வாசலுக்கு நடந்த நாலு எட்டுக்குள், அவனை நாளைக்கே வேலை தேட மனசுக்குள் அனுப்பியே வைத்துவிட்டவள்தானே அவள்.

தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் துக்கத்துக்கு வந்தவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது லிஃப்ட். ஒவ்வொரு முறை கதவு மூடும்போதும் அவன் தலை தலையணையிலிருந்து லேசாக எழுந்து, சரியாக மூடுகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடியும் விழுந்தது.