கடைசிக் கட்டத்தில் மேனேஜர்

என் நாத்தனார் நடத்தும் பூனைக் காப்பகத்துக்கு ஓர் ஆப் செய்து கொடுத்தேன். விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொரு பூனையாகப் படத்தோடு வரும், பிடித்ததைத் தத்தெடுக்கலாம். ஆரம்பத்தில் அது திக்கித் திணறியது. அவள் கொடுத்த படங்கள் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரியவை. சின்னதாக்கினேன். திரையில் தெரியும் படங்கள் மட்டும் இறங்கும்படி செய்தேன். ஒவ்வொரு பூனையும் ஒரு கட்டத்துக்குள் தெரியும்; திரையை விட்டு மறையும் கட்டத்தையே எடுத்து, அடுத்து வரும் பூனைக்குக் கொடுத்தேன். பிறகு வழுக்கிக்கொண்டு ஓடியது.

"மேனேஜர் கடைசில இருக்கட்டும் அண்ணி," என்றாள்.

மேனேஜர் ஒற்றைக்கண் கிழட்டுப் பூனை. அவன் படம் மட்டும் ஒரே இருட்டு, அதில் அந்த ஒற்றைக் கண்தான் மின்னியது.

"வேற படம் குடேன். இதைப் பாத்து யாரு கேப்பாங்க?"

"கேக்கலைன்னா போகட்டும்."

பாவம், நம்பிக்கையே விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மனிதர்களை எனக்கு நன்றாகப் புரியும் என்று எப்போதும் ஒரு நினைப்பு.

சனிக்கிழமை நான் காப்பகத்தில் இருந்தபோது ஓர் அப்பாவும் சின்ன மகளும் வந்தார்கள்.

"முதல் பூனைதான் வேணுங்கிறா," என்றார் அவர். "அதுல வெள்ளைக் குட்டின்னு எழுதியிருக்கு. இவ என்னடான்னா ஒத்தைக்கண்ணுங்கிறா."

நான் குழந்தையிடம் குனிந்தேன். "பாப்பா, கீழ வரைக்கும் போய்ட்டு சர்ருனு மேல வந்தியா?"

தலையாட்டினாள். அதேதான். கடைசிக் கட்டம் மேலே ஓடி வந்து முதல் பூனைக்கு வேலை பார்த்திருக்கிறது. குட்டியின் படம் இறங்கும்வரை மேனேஜரின் முகம் அதிலேயே இருந்திருக்கிறது. துடைத்துவிட்டுக் கொடுக்க நான் மறந்திருந்தேன்.

மேனேஜர் அப்போது நாத்தனாரின் தோளில் இருந்தான்.

"அவன் கடிப்பான்," என்றாள் அவள்.

மேனேஜர் கொட்டாவி விட்டான்.

"ராத்திரியெல்லாம் கத்துவான். ஊசிகூட பாக்கி." குரல் மெலிந்துகொண்டே போனது. விரல்கள் அவன் முதுகு ரோமத்துக்குள் புதைந்திருந்தன. அந்த இருட்டுப் படம் அவள் வேண்டுமென்றே எடுத்தது என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அவளுடைய கட்டத்தில் வேறு யாருடைய முகத்தையோ வைத்துப் பார்த்திருக்கிறேன்.

"அது நான் செஞ்ச தப்பும்மா," என்றேன் குழந்தையிடம். "மேனேஜருக்கு ஏற்கெனவே வீடு இருக்கு."

"எங்க?"

"இந்த ஆன்ட்டி வீடுதான்."

குழந்தை யோசித்தாள். அதற்குள் வெள்ளைக் குட்டி வந்து அவள் ஷூ கயிற்றைக் கடித்து இழுத்தது. கயிறு அவிழ்ந்தது. சிரித்துவிட்டாள்.

அவர்கள் குட்டியோடு போனதும் லேப்டாப்பைத் திறந்தேன். கட்டத்தைத் துடைக்கும் வரியை எழுதினேன். மேனேஜரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "ஏன் அண்ணி, ஒரு பூனை குறைஞ்சா ஆப் வேகமா ஓடுமா?"

"ஓடும்."

"பொய்."

"ஆமா, இவன் கடிப்பான்னு நீ சொன்ன மாதிரிதான்."