புளித்தது, பிழைத்தேன்

தக்காளி சாஸ் தொழிற்சாலையில் ருசி பார்ப்பது என் உத்தியோகம். வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பில்லாவிட்டாலும் அங்கே என் நாக்குக்கு உண்டு. அந்த நாக்குதான் போன காய்ச்சலில் செத்துப்போனது. காய்ச்சல் விட்டது, ருசியும் வாசனையும் வரவில்லை. காபி சுடுதண்ணீராக இறங்கியது. அது வழக்கம்தான் என்பதால் மனைவியிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். நாக்கில்லாத ருசிக்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்?

சனிக்கிழமை மத்தியானம், மனைவியின் அண்ணன் பையில் பாட்டில்கள் கிணுகிணுக்க வந்தார். பெல்ஜியம் பீர்களை ஒப்பிட்டுச் சண்டை போடுவது எங்கள் பொழுதுபோக்கு. என் கட்சி டுப்பெல்: கருக்கிய சர்க்கரை, உலர்திராட்சை வாசனை. அவர் கட்சி லாம்பிக்: காற்றில் திரியும் ஈஸ்ட் தானாக வந்து விழுந்து புளிக்கவைக்கும் பீர். ஊறுகாய் பாட்டில் கழுவின தண்ணீர் என்பது அதற்கு நான் வைத்த பெயர்.

நிறம் பார்த்துப் பாரபட்சம் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டுதான் குடிப்போம். மச்சான் ஊற்றித் தரும் முதல் கிளாஸ் எப்போதும் எனக்குப் பிடித்ததாக இருக்கும். அந்தத் தைரியத்தில் ஒரு வாய் குடித்தேன். குளிர்ச்சி இருந்தது, நுரை இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. மனப்பாடத்தை ஒப்பித்தேன்.

"என்ன இருந்தாலும் டுப்பெல் டுப்பெல்தான் மச்சான். அந்தத் திராட்சை, அந்தக் கருக்கின சர்க்கரை..."

கண்ணைத் திறந்தேன். மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நீங்க குடிச்சது ஊறுகாய்த் தண்ணி."

கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன்.

"நாக்கு போயிடுச்சா?"

"காய்ச்சல்லேருந்து. உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க."

"அவதான் என்னை அனுப்பினதே. நேத்து காபியில சர்க்கரைக்குப் பதிலா உப்பு போட்டாளாம். நல்லாருக்குன்னு சொன்னீங்களாம்."

"கல்யாணம் ஆனதுலேருந்து ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "உப்பு போடறதுக்கு முந்தின நாள் திடீர்னு நல்லாருக்குன்னீங்க. அதுலதான் சந்தேகமே வந்துச்சு, உப்பு போட்டுப் பார்த்தேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வேலை போயிடும் மச்சான்," என்றேன்.

"இன்னொரு வாய் குடிங்க. உடனே முழுங்காதீங்க."

வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதலில் குளிர்ச்சிதான். பிறகு காதுக்குக் கீழே, தாடையின் மூலையில், யாரோ லேசாகக் கிள்ளியதுபோல் இருந்தது. எச்சில் ஊறியது. கண்ணிலும் எதுவோ ஊறியது.

"புளிக்குது," என்றேன்.

"நீங்க என்னைக்கும் சொல்றதுதானே?"

"அன்னைக்குக் கிண்டலுக்குச் சொன்னேன். இப்ப நிஜமாவே புளிக்குது."

மச்சான் நம்பவில்லை. என்னைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்துவிட்டு, டுப்பெல்லையும் லாம்பிக்கையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். டுப்பெல் இன்னும் ஊமையாகத்தான் இருந்தது. லாம்பிக்கை ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தேன். சாஸில் நான் முதலில் தேடுவது புளிப்பைத்தான். அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

மனைவி வந்து என் கிளாஸிலிருந்து ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தாள். "இதுக்கா அழறீங்க?" என்றாள். ஆனால் கிளாஸைத் திருப்பித் தந்த கை என் தோளிலேயே தங்கிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மச்சான்."

"டுப்பெல்லா?"

"அது கிடக்கட்டும். ஊறுகாய்த் தண்ணி இருக்கா?"