பாட்டில் பேசுவது யார்

தமிழ்ப் பட்டத்துக்கான எழுத்துப் பரீட்சையில் கலைச்செல்வி தேறிவிட்டாள். மிச்சமிருந்தது வாய்மொழிப் பரீட்சைதான். கொழும்பில் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து, அதுவரை கண்ணில் படாத ஒரு பழம்பாட்டைக் கையில் வாங்கி, அதன் நயத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகப் பிள்ளைகளைப் பழக்கிவிட விரிவுரையாளர்கள் உண்டு. வீட்டிலிருந்து தானே படித்து வெளிவாரியாக எழுதுகிறவளுக்கு யார் இருக்கிறார்கள்?

கேகாலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவள் ஆயா. மத்தியானம் குழந்தைகள் தூங்கும்போது, தொட்டில்களுக்கு நடுவே நின்று பேசிப் பார்ப்பாள். எழுதும்போது தானாக ஓடிவந்த சொற்கள், வாயைத் திறந்ததும் எங்கோ போய் ஒளிந்துகொண்டன.

கைகொடுத்தவள் மஹ்மூதா. மாவனல்லையில் துணிக்கடை வைத்திருந்த ஸம்சுதீனின் மனைவி. அவளும் வெளிவாரிதான், எழுத்துப் பரீட்சை மண்டபத்தில் பக்கத்து மேசை. ஞாயிறுதோறும் கலைச்செல்வி பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனாள். ஒருத்தி ஒரு பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். மற்றவள், "எந்தச் சொல்ல வச்சு அப்பிடிச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி இருவரையும் படாத பாடு படுத்தியது. அழகு, அருமை என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் நாக்குத் திருந்திவிட்டது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, பரீட்சை நாளன்று ரம்புக்கனையில் விடியற்காலை ரயில் ஏறினார்கள். முதலில் மஹ்மூதாவைக் கூப்பிட்டார்கள். முடிந்ததும் அவளை வேறு வாசலால் வெளியே அனுப்பிவிட்டார்கள், இருவரும் பேசிக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது கலைச்செல்வி. நாலே வரிப் பாட்டு. ஆறு ஏறிவிட்டது. ஓடத்தைக் கட்டிவிட்டார்கள். கொக்கும் மரத்துக்குத் திரும்பிவிட்டது. பெரிய கலத்தை நான் இன்னும் கவிழ்க்கவில்லை. அவ்வளவுதான். அழுகை என்றோ ஏக்கம் என்றோ ஒரு சொல் கிடையாது.

நடுவில் இருந்த பெரியவர் கேட்டார்: "இதில் பேசுவது யார்?"

கணவனுக்குக் காத்திருக்கும் மனைவி என்றுதான் வாய்வரை வந்தது. அதற்குள் 'பெரிய' என்ற சொல்லில் அவள் கண் சிக்கிக்கொண்டது. யாருக்குப் பெரியது? அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஒரு குழந்தைங்க, ஐயா," என்றாள். "தாய்க்காகக் காத்திருக்குது. தன்னோட சின்னக் கலத்துல சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்திருச்சு. அம்மாவோடது அதுக்குப் பெருசாத் தெரியுது. மனசுல இருக்கிறதச் சொல்லத் தெரியல. கண்ணால பார்த்தத ஒண்ணொண்ணாச் சொல்லுது."

தலைவி கூற்றாக ஏன் இருக்கக் கூடாது என்று பெரியவர் விடாமல் மடக்கினார். அவள் சொல்லுக்குச் சொல் பதில் சொன்னாள்.

திரும்பும் ரயிலில் விசாரித்தால், மஹ்மூதாவுக்கும் அதே பாட்டு. அவள் மனைவி என்று சொல்லியிருந்தாள். வீட்டில் பெரிய கலம் புருஷனுடையது. பேர் சொல்லக் கூச்சப்படுகிறவள் கலத்தைச் சொல்லி அவனைச் சொல்கிறாள் என்று விளக்கியிருந்தாள். கலைச்செல்வி அதைச் சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தாள். எவ்வளவு சரியாக இருக்கிறது! அப்படியென்றால், தான் சொன்னது பிழை.

மஹ்மூதா மெல்லத் தனக்குள் பாட்டைச் சொல்லிப் பார்த்தாள். முதலில் மனைவியாக, பிறகு குழந்தையாக. அவள் கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டும் நிக்கிது, கலை," என்றாள். "ஒரு எழுத்தும் மாறல்ல."

எந்தக் காலத்திலோ, எந்த ஆற்றங்கரையிலோ யாரோ கட்டிய நாலு வரி. பேர்கூடத் தங்கவில்லை. அதற்குள் ஒருத்தியும் இருக்கிறாள், ஒரு குழந்தையும் இருக்கிறது, ஒருவரையொருவர் தள்ளாமல். இன்னும் யார் யார் இருக்கிறார்களோ. கலைச்செல்விக்குப் பரீட்சையே மறந்துபோனது. பெட்டிக்குள் சனம் நெரிந்தது, கடலைக்காரன் கூவிக்கொண்டே போனான். இருவரும் அந்த வரிகளை மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. இருவரும் தேறியிருந்தார்கள். அடுத்த ஞாயிறு கலைச்செல்வி மாவனல்லைக்குப் போனபோது, மஹ்மூதா வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்:

"கலம் எண்டா தோணியுந்தானே. ஓடக்காரன் பேசுறதா வச்சுப் பாத்தீங்களா?"